துயிலும் துணையும்

உண்டியும் உடையும் உறையுளும் செல்வர்க்கு ஒரு வகையாகவும் வறியவர்க்கு ஒரு வகையாகவும் அமைந்திருத்தலை நாம் நாள்தோறும் காண்கின்றோம். உறக்கம் ஒன்றாவது எல்லா மக்கட்கும் ஒப்ப அளிக்கப்பெற்ற கொடை என்று பலரும் கருதுவர். கண்ணை மூடிவிட்டால் மாளிகையும் குடிசையும் ஒன்றேயன்றோ என்று யானும் எண்ணியிருந்தேன். அண்மைக் காலத்து ஆராய்ச்சியாளர் கண்டறிந்த செய்திகளைக் கற்கக் கற்க அவ்வெண்ணம் தளர்ந்தது. இனத்திற்கு இனம், குடிக்குக் குடி, உறக்கத்தின் அளவும் அமைதியும் வேறுபடுகின்றன. அவ்வேற்றுமைக்குக் காரணம் பிறப்பா, வாழ்க்கையா என்பதையும், உறக்கத்திற்குக் குடும்பம் புரியும் துணை எத்தகையது என்பதையும் இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வோம்.

தூங்கா நகரம்

நம் மதுரை மாநகர்க்குத் 'தூங்கா நகரம்' என்று ஒரு பெயர் வழங்குகின்றது. நள்ளிரவிலும் இங்கு இட்டிலிக் கடைகளில் ஆவி பறக்கும். விடியுமுன்னரே மாட்டுத்தாவணியில் பூ மூட்டைகள் வந்து இறங்கும். பெயர் புதியதாயினும் பொருள் பழையது. பாண்டியன் நெடுஞ்செழியனை மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியிலே, பகற்பொழுதில் கூடும் நாளங்காடியும் இரவிற் கூடும் அல்லங்காடியும் கூறப்பெறுகின்றன. இரவின் ஒவ்வொரு யாமத்திலும் நகரில் யார் யார் என்ன செய்தனர் என்பதைப் புலவர் முறையாகக் காட்டிச் செல்கின்றார். மழை பெய்து தெருவிலே நீர் பெருகி ஓடும் நள்ளிரவிலும் தளராது சுற்றி வரும் ஊர்காவலரை அப்பாட்டிற் காண்கின்றோம். அவர் விழித்திருந்தமையால் ஏனையோர் கவலையின்றிக் கண்ணயர்ந்தனர்.

ஆகவே, தூங்கா நகரம் என்பது ஒருவரும் தூங்காத நகரம் அன்று. சிலர் விழித்திருத்தலால் பலர் தூங்கும் நகரம். இவ்வுண்மையை மனத்திற் கொண்டால், பின்னே கூறுவன எல்லாம் எளிதில் விளங்கும்.

உறக்கத்தின் இயல்பு

உறக்கம் எவ்வாறு வருகின்றது? அறிவியலார் இரண்டு காரணங்களை முதன்மையாகக் கூறுவர். நாம் விழித்திருக்கும் நேரம் மிகுதோறும் மூளையிலே அடினோசின் என்னும் பொருள் பெருகி, உறக்கத்தை அழைக்கின்றது, இஃது ஒன்று. உடலினுள்ளே ஏறக்குறைய 24 மணி நேரத்திற்கு ஒரு முறை சுற்றிவரும் கடிகாரம் ஒன்று அமைந்துள்ளது. பகலொளி அதனை நாள்தோறும் திருத்தி வைக்கின்றது, இது மற்றொன்று. இவ்வுட்கடிகாரம் இயங்கும் முறையைக் கண்டறிந்தமைக்காகவே ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் அமெரிக்க அறிஞர் மூவர்க்கும் 2017-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு அளிக்கப்பெற்றது.

இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் வேண்டும். அஃது அச்சமின்மை. புதிய இடத்தில் முதல் இரவு எவர்க்கும் நல்லுறக்கம் வருவதில்லை. அமெரிக்காவில் பிரௌன் பல்கலைக் கழகத்தார் 2016-ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து, அத்தகைய இரவில் மூளையின் ஒரு பாதி மற்றப் பாதியினும் விழிப்பாக இருந்து, சிற்றொலியையும் செவிமடுக்கின்றது என்று கண்டனர். விடுதியில் முதல் நாள் இரவு கழித்த மாணவர் ஒவ்வொருவரும் இதற்குச் சான்று கூறுவர். எங்கள் ஊர் வீட்டிலே ஆட்டுக்குட்டி கத்தும், அப்பத்தா இருமுவார், பக்கத்து வீட்டிலே பாட்டுப் பெட்டி பாடும். அவற்றினிடையே யான் அயர்ந்து உறங்கியவன். விடுதியிலோ ஓர் ஓசையும் இல்லை. ஆயினும் நெடுநேரம் கண் மூடவில்லை. ஓசை இல்லாமையினும் உற்றவர் உண்மையே உறக்கத்திற்கு உறுதுணை என்று அன்று உணர்ந்தேன்.

பிறப்பா, வாழ்க்கையா?

இனி, இன வேற்றுமையைக் காண்போம். வளர்ந்தோர் நாளொன்றுக்கு 7 மணி நேரமேனும் உறங்குதல் வேண்டும் என்பது மருத்துவர் கொள்கை. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2014-ஆம் ஆண்டு நான்கு இலட்சத்திற்கு மேற்பட்ட மக்களை வினவிக் கணக்கெடுத்தனர். அவ்வளவு உறங்குவதாகக் கூறியவர், வெள்ளையருள் நூற்றுக்கு 67 பேர். ஆசிய வழியினருள் ஏறக்குறைய 63 பேர். கறுப்பினத்தவருள் 54 பேரே. ஹவாய் முதலிய பசிபிக் தீவுகளின் பழங்குடியினருள்ளும் 54 பேரே.

இக்கணக்கைக் கண்டவுடன், 'அவ்வவ்வினத்தாரின் பிறவிக் குணம் அது' என்று சிலர் முடிவு கட்டிவிடுவர். உட்கடிகாரத்தின் சுற்று இனத்திற்கு இனம் சில நிமிடங்கள் வேறுபடுதலைக் கண்டோரும் உளர். ஆதலின் உடற்கூற்றிற்குப் பங்கே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. எனினும் அச்சிறு வேற்றுமை இப்பெரு வேற்றுமையை விளக்கப் போதாது. இரவு வேலையும், இரைச்சல் மிகுந்த குடியிருப்பும், நாளைய உணவைப் பற்றிய கவலையும், நிறத்தால் இகழப்படுதலால் உண்டாகும் மனப்புண்ணும் யாரிடம் மிகுதியோ, அவரிடமே உறக்கம் குறைதல் இயல்பு.

இதனை வேறொரு வழியாலும் தெளியலாம். தான்சானியாவில் வாழும் ஹட்சா மக்கள், நமீபியாவில் வாழும் சான் மக்கள், தென் அமெரிக்காவில் பொலிவியாக் காட்டில் வாழும் சிமானே மக்கள் ஆகிய முத்திறத்தாருள் 94 பேரின் உறக்கத்தைக் கைக்கடிகாரம் போன்ற கருவி கொண்டு அளந்து 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மின்விளக்கு இன்றி வாழும் அம்மக்கள் வெவ்வேறு கண்டத்தார், வெவ்வேறு மொழியினர். ஆயினும் அவர்தம் உறக்கம் பெரிதும் ஒத்திருந்தது. இரவிற்கு 5.7 மணி முதல் 7.1 மணி வரை உறங்கினர். கதிரவன் மறைந்து சில மணி நேரம் கழித்தே படுத்தனர். நம் நகரங்களில் மலிந்துள்ள தூக்கமின்மை அவரிடம் மிக அரிதாகவே இருந்தது. வாழ்க்கை ஒத்தமையால் வேற்றினத்தார் உறக்கமும் ஒத்தது காண்க.

இனம் ஒன்றாயிருந்தும் உறக்கம் மாறுவதற்கு நம் மதுரையிலேயே சான்று உண்டு. ரமலான் திங்களில் கோரிப்பாளையம் முதலிய இடங்களில் வாழும் இசுலாமியக் குடும்பத்தார் விடியுமுன் சகர் உணவிற்காக ஒருங்கே எழுகின்றனர். தாய் சமைக்க, மூத்தோர் இளையோரை எழுப்ப, வீடு முழுவதும் அவ்வேளையில் விழித்துக்கொள்கின்றது. திங்கள் முடிந்தவுடன் பழைய முறைக்கே திரும்புகின்றனர். சித்திரைப் பெருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைக் காண வரும் நாட்டுப்புறத்தாரையும் பாருங்கள். வையை மணலிலே ஒரு குடும்பத்தார் வரிசையாகப் படுத்திருப்பர். ஒருவர் மட்டும் மூட்டை முடிச்சுகளோடு விழித்து அமர்ந்திருப்பர். சிறிது நேரம் கழித்து அவர் படுக்க, மற்றொருவர் எழுந்து அமர்வர். குருதி மாறவில்லை, வழக்கமே மாறியது. அம்மாற்றத்தைத் தாங்கி நிற்பது குடும்பம்.

முறைக்காவல்

மணலிற் கண்ட அம்முறைக்காவல் மனித இனத்தின் பழஞ்சொத்து என்று கூறலாம். மேலே குறித்த ஹட்சா மக்களுள் வளர்ந்தோர் 33 பேரின் உறக்கத்தை 20 நாள் அளந்து 2017-ஆம் ஆண்டில் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். அந்நாட்களில் எல்லாரும் ஒரே சமயத்தில் அயர்ந்து உறங்கிய நேரம் மொத்தம் 18 நிமிடமே! இரவில் எந்நேரத்திலும் சராசரி 8 பேர் விழிப்பாக இருந்தனர். அவரை ஒருவரும் காவலுக்கு ஏவவில்லை. முதியோர் முன்னதாகப் படுத்து முன்னதாக எழுந்தனர். இளையோர் பின்னதாகப் படுத்துப் பின்னதாக எழுந்தனர். இவ்வயது வேற்றுமையே கூட்டத்திற்குக் காவலாயிற்று.

இதனைக் கற்றபொழுது எனக்கு நம் நாட்டு வீடுகளே நினைவிற்கு வந்தன. தாத்தா திண்ணையிற் படுப்பார். நள்ளிரவு கழிந்ததும் விழித்துக்கொண்டு வெற்றிலை இடிப்பார். 'முதியவர்க்கு உறக்கம் இல்லை' என்று நாம் இரங்குகின்றோம். அவ்விரக்கம் தக்கதே. ஆயினும் அவர் இடிக்கும் ஓசை, உள்ளே உறங்கும் குழந்தைகட்கு 'ஒருவர் விழித்திருக்கின்றார்' என்னும் உறுதியை ஊட்டுகின்றது.

குழந்தையைத் துயிற்றும் முறையும் நாட்டிற்கு நாடு வேறுபடுகின்றது. 17 நாடுகளில் மூன்று வயதிற்குட்பட்ட 29,287 குழந்தைகளைப் பற்றிப் பெற்றோரை வினவி 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. நியூசீலாந்துக் குழந்தைகள் சராசரி இரவு 7 மணி 27 நிமிடத்திற்குப் படுக்கின்றனர். ஹாங்காங்குக் குழந்தைகளோ 10 மணி 17 நிமிடத்திற்கு. பெற்றோர் படுக்கையிலேயே உறங்கும் குழந்தைகள் நியூசீலாந்தில் நூற்றுக்கு 6 பேர். வியட்நாமில் 83 பேர். நம் இந்தியாவும் அக்கணக்கிற் சேர்ந்ததே. ஆசிய நாடுகளிற் குழந்தை தாமதித்துப் படுக்கின்றது, குறைவாக உறங்குகின்றது, ஆனால் தனியே உறங்குவது அரிது. எது நன்று என்று ஒரு சொல்லில் தீர்ப்புக் கூறல் இயலாது. முன்னேரத்தில் படுக்கவைக்கும் நற்பழக்கத்தை அவரிடமிருந்து நாம் கற்கலாம். துணையோடு துயிற்றும் பரிவை நம்மிடமிருந்து அவர் கற்கலாம்.

நம் தாலாட்டுகளை எண்ணிப் பாருங்கள். அவற்றில் மாமன் வருவான், பாட்டன் வருவான், அத்தை வருவாள். தாய் தன் குழந்தையைத் தூளியில் இட்டு ஆட்டும்போது, அதன் உறவினர் அனைவரையும் பெயர் சொல்லி அழைத்து அதனைச் சுற்றி நிறுத்திவிடுகின்றாள். 'இத்துணைப் பேர் உனக்கு உளர். அஞ்சாது உறங்கு' என்பதே தாலாட்டின் உட்பொருள். முதற் பேற்றிற்கு மகளைத் தாய்வீட்டிற்கு அழைத்துக்கொள்ளும் வழக்கமும் இக்கருத்தினதே. இரவிற் பிள்ளை அழுதால் அம்மாச்சி எடுத்து ஆற்றுவார். பாலூட்டும் பொழுது தவிர மற்ற நேரத்தில் இளந்தாய் கண்ணயர்வாள். அயல்நாட்டில் துணையின்றிப் பிள்ளை பெறும் தமிழ்மகள் இழப்பன பலவற்றுள் இவ்வுறக்கமும் ஒன்று.

துணையைப் பறித்த சட்டம்

குடும்பத் துணையின் அருமையை அறிய வேண்டின், அது பறிக்கப்பட்ட காலத்தையும் அறிதல் வேண்டும். அவ்வரலாறு மதுரையைச் சூழ்ந்த சமவெளியிலேயே நிகழ்ந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்னும் கொடுஞ்சட்டம் 1871-ஆம் ஆண்டில் வடநாட்டிற் பிறந்தது; 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்திற்கும் பரவியது. 1914-ஆம் ஆண்டில் மதுரைக்கு அருகேயுள்ள கீழக்குயில்குடியிலே பிரமலைக் கள்ளர் மரபினர்மீது அஃது ஏவப்பெற்றது. பின்னர் அம்மரபினர் வாழும் பிற ஊர்கட்கும் பரவியது. மக்கள் இதனை 'ரேகைச் சட்டம்' என்றனர். ஒருவன் குற்றம் செய்தானா என்பதை ஆராயாது, ஒரு குடியிற் பிறந்தமையையே குற்றமாக்கி, ஆடவர்தம் கைரேகையைப் பதிவு செய்தனர். பதிவு செய்யப்பெற்றவர் இரவிலே காவல் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ தம் இருப்பைக் காட்டி, அங்கேயே படுத்துறங்கவும் நேர்ந்தது.

இதன் கொடுமையைச் சிறிது சிந்தியுங்கள். தந்தை சாவடியிலே, தாயும் மக்களும் வீட்டிலே. நோயுற்ற குழந்தையை இரவில் மாறி மாறித் தாங்குவதற்கு இரண்டாம் கை இல்லை. வயலுக்கும் ஆட்டுக்கும் காவலில்லை. சாவடியிற் படுத்தவனுக்கு வீட்டைப் பற்றிய கவலை. வீட்டிற் படுத்தவளுக்குச் சாவடியைப் பற்றிய கவலை. இருவர்க்கும் உறக்கம் ஏது? அக்காலத்தில் யாரேனும் இக்குடியினரின் உறக்கத்தை அளந்திருந்தால், 'இவ்வினத்தார் பிறவியிலேயே இரவில் விழித்திருப்பவர்' என்று தவறாக எழுதியிருப்பர். அவரை விழிக்கச் செய்தது பிறவியன்று, சட்டமே.

இச்சட்டத்திற்குப் பணிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. மாயக்காள் என்னும் பெண்மணி உட்படப் பலர் உயிர் நீத்தனர். மதுரையில் வழக்கறிஞராக விளங்கிய ஜார்ஜ் ஜோசப் இம்மக்களுக்காக வாதாடினார்; பிறந்த நாட்டால் மலையாளியாகிய அவரை அவர்கள் 'ரோசாப்பூத் துரை' என்று அன்போடு அழைத்தனர். முத்துராமலிங்கத் தேவரும் ஜீவானந்தமும் இச்சட்டத்தை எதிர்த்துப் போராடினர். 1947-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திலும், 1952-ஆம் ஆண்டில் நாடெங்கும் அஃது ஒழிக்கப்பெற்றது. தன் வீட்டிலே, தன் மக்கள் நடுவே படுத்துறங்கும் உரிமையும் விடுதலையின் ஒரு கூறே என்பதை இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கின்றது.

வறுமையும் உறக்கமும்

சட்டம் ஒழிந்தது, ஆயினும் வறுமை ஒழியவில்லை. சென்னையில் வாழும் எளிய மக்கள் 452 பேரின் உறக்கத்தைப் பொருளியல் அறிஞர் சிலர் அளந்து 2021-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்கள் இரவில் 8 மணி நேரம் படுக்கையிற் கிடந்தும் 5½ மணி நேரமே உறங்கினர். ஓர் இரவில் சராசரி 32 முறை விழித்தனர். வெப்பமும் கொசுவும் நெரிசலும் தெருவின் இரைச்சலும் உள்ள இடத்தில் வேறென்ன நிகழும்?

அவருட் சிலர்க்கு மெத்தை, மின்விசிறி, காதடைப்பான் முதலியவற்றை அளித்து, உறங்கும் முறையையும் எடுத்துரைத்தனர். உறக்கம் இரவிற்கு 27 நிமிடம் கூடியது. ஆனால், அதனால் அவர்தம் வேலைத்திறன் கூடவில்லை. வேறு சிலரைப் பகலிலே, வேலை செய்யும் இடத்தில் அமைதியான ஒரு பக்கத்தில் அரைமணி நேரம் உறங்கச் செய்தனர். அவர்க்குக் கவனமும் மனநலமும் வேலைத்திறனும் மிகுந்தன. இதனால் யான் அறிவது ஒன்று: உறக்கத்தின் நீளத்தினும் அதன் அமைதியே பெரிது. நொடிக்கு நொடி கலையும் நீண்ட இரவினும், கலைப்பாரில்லாத அரைமணிப் பொழுது நன்று.

இவ்விடத்தில் ஒன்று கூறல் வேண்டும். குடும்பத் துணை சிறந்தது என்று புகழ்ந்து, எல்லாச் சுமையையும் குடும்பத்தின் தலையில் ஏற்றிவிடுதல் முறையன்று. எத்துணை அன்புள்ள குடும்பமும் சாக்கடைக் கொசுவை ஒழித்தல் இயலாது. நள்ளிரவில் அலறும் ஒலிபெருக்கியை அடக்குதல் இயலாது. அவை நகராட்சியும் அரசும் செய்யத்தக்கன. குடும்பம் செய்யத்தக்கது, விழித்தற் சுமையைப் பங்கிட்டுக் கொள்ளுதல்.

யார் விழிக்கின்றார்?

அச்சுமை நம் வீடுகளில் நேரிதாகப் பங்கிடப் பெறுகின்றதா? கணவன் உறங்கிய பின் உறங்கி, அவன் விழிக்குமுன் விழிப்பவளே நல்லாள் என்று நம்மவர் நெடுங்காலம் புகழ்ந்து வந்தனர். அப்புகழ்ச்சியே அவளுக்கு விலங்காயிற்று. இந்திய அரசினர் 2019-ஆம் ஆண்டில் மக்கள் பொழுதைச் செலவிடும் முறையைக் கணக்கெடுத்தனர். வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்டிர் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஈடுபடும் ஆடவர் 97 நிமிடமும் செலவிட்டனர் என்பது அக்கணக்கு. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள நிமிடங்கள் எங்கிருந்து எடுக்கப்படுகின்றன என்று யாரும் அவர்களைக் கேட்பதில்லை.

இதனை எழுதும்போது என் வீட்டையே எண்ணி நாணுகின்றேன். எங்கள் ஊர் திருமங்கலத்திற்கு மேற்கே உள்ளது. மல்லிகைப் பருவத்தில் என் தாயார் இரவு இரண்டு மணிக்கு எழுவார். அரும்பு விரியுமுன் பறித்து, பொழுது புலருமுன் சந்தைக்கு அனுப்பினாலன்றி நல்ல விலை கிடையாது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவர் தோட்டத்திற்குப் போகும்போது, யான் புரண்டு படுப்பேன். அப்பத்தா, "நான் முழிச்சிருக்கேன், நீ தூங்கு, அய்யா" என்பார். பதினேழு ஆண்டு யான் அவ்வாறே உறங்கினேன். பள்ளியிலே யான் பெற்ற மதிப்பெண்களில் என் தாயாரின் உறக்கமும் அப்பத்தாவின் உறக்கமும் எத்துணை கலந்திருந்தன என்பதை எண்ணியதே இல்லை.

சென்ற கோடை விடுமுறையில், உறக்கத்தைப் பற்றிய இச்செய்திகளைக் கற்றபின், ஒரு நாள் யானும் இரண்டு மணிக்கு எழுந்து உடன் சென்றேன். என் கைக்குப் பழக்கமில்லை. தாயார் மூன்று படி பறிக்கும் நேரத்தில் யான் ஒரு படி பறித்தேன். ஆயினும் அன்று அவர் ஒரு மணி நேரம் முன்னதாக வீடு திரும்பித் தலைசாய்த்தார். விடுமுறை முடியுமட்டும் அவ்வாறே சென்றேன். அவர் உறங்கும்போது வாயிலில் அமர்ந்து, வருவாரை மெல்லப் பேசச் சொல்லுவதும் என் வேலையாயிற்று. பெற்ற தாய் பகலில் உறங்குவதை யான் பார்த்தது அதுவே முதன்முறை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது யாது? உறக்கத்தில் இனத்திற்கு இனம் காணப்படும் வேற்றுமை, பெரும்பாலும் வாழ்க்கை வேற்றுமையே. அச்சமும் வறுமையும் தனிமையும் உறக்கத்தைக் குறைக்கின்றன. உற்றாரின் முறைக்காவல் அதனை மீட்டுத் தருகின்றது. நன்றாக உறங்குபவன் ஒவ்வொருவனும் விழித்திருக்கும் ஒருவர்க்குக் கடன்பட்டவன்.

நண்பர்களே! நம் கல்லூரி மாணவர் பலர் நாட்டுப்புறத்திலிருந்து வந்தவர். விடுமுறைக்கு வீடு செல்லும்போது நூல்களோடு இவ்வொரு வினாவையும் எடுத்துச் செல்லுங்கள்: நம் வீட்டில் கடைசியாகப் படுப்பவர் யார்? முதலில் எழுபவர் யார்? இரண்டிற்கும் விடை ஒருவரே ஆயின், ஒரு யாமமேனும் அவர் காவலை நாம் ஏற்றல் வேண்டும்.